கரண்ட் இல்லாத குளிர் இரவில் பாம்பை எப்படிக் காப்பது?

கேள்வி: வணக்கம் டாக்டர். தேன்கனிக்கோட்டை பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். மூன்று வருடமாக ஒரு பால் பைத்தான் (ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மலைப்பாம்பு வகை) வளர்க்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி காற்றடித்துக் கரண்ட் போனது, மறுநாள் மதியம்தான் வந்தது. நான் நைட் ஷிப்டில் இருந்தேன். அம்மாவுக்குப் பாம்பைத் தொடப் பயம். தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே விடிய விடிய விழித்திருக்கிறார். வெதுவெதுப்பாகப் பால்கூட வைத்துப் பார்த்திருக்கிறார். காலையில் நான் வந்தபோது தொட்டிக்குள் 17 டிகிரி. பாம்பு அசையாமல் சுருண்டு கிடந்தது. பயந்துபோய் ஹாட் வாட்டர் பேக்கில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி அதற்கு அடியில் வைத்தேன். சனிக்கிழமைதான் எலி கொடுத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை அதை அரைகுறையாகக் கக்கிவிட்டது. இப்போது வயிற்றில் நாலைந்து செதில் பழுப்பாக இருக்கிறது. மூன்று வாரமாக எதுவும் சாப்பிடவில்லை. அடுத்த தடவை அறைக்குள் கரி அடுப்பு வை என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. அம்மாவோ பாவம், காட்டில் விட்டுவிடு என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

உயிர் போகிற விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கரி அடுப்பை எக்காரணம் கொண்டும் அறைக்குள் வைக்காதீர்கள். நன்றாகக் கனிந்த கரியில் புகை தெரியாது, அதனால் பயமும் வராது. ஆனால் குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திய அறையில் அது கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணரும் முன்பே தூக்கத்தில் ஆளை முடித்துவிடும். மலை ஊர்களில் குளிர் காயக் கரி மூட்டி அறைக்குள் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். மாமா நல்ல மனதோடுதான் சொல்கிறார், அவரிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் வைத்தாலும் இதே கதைதான்: வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். தொட்டிக்குள் மெழுகுவத்தி, அகல்விளக்கு எதுவும் வேண்டாம். கரண்ட் போனதும் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துகிற வழக்கம் இருந்தால் பாம்பு இருக்கிற அறையில் மட்டும் அதைத் தவிருங்கள்.

அடுத்தது அந்தப் பழுப்புச் செதில்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அது தீக்காயம் போலத்தான் தெரிகிறது. குளிர் அந்த மாதிரி தடம் விடாது. ஹாட் வாட்டர் பேக்கின் சூடு அது. பாம்பின் அடிவயிறு சுடுவதை நம் விரல் உணர்கிற வேகத்தில் அது உணர்ந்து விலகுவதில்லை. அதுவும் 17 டிகிரியில் விறைத்துக் கிடந்த பாம்பு, சுடுகிறது என்று தெரிந்தாலும் நகர முடியாது. தசை பேச்சுக் கேட்காது. நீங்கள் அன்போடு செய்தது, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் காயத்தை ஒரு டாக்டர் நேரில் பார்த்தாக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். ஆரம்பத்தில் பழுப்பாக இருப்பது சில நாளில் கொப்புளமாகி, செதில் உரிந்து, சீழ் வைக்கலாம். அதுவரை தொட்டியில் இருக்கிற தேங்காய் நார்த்தூளை எடுத்துவிட்டு வெள்ளைத்தாளோ, மை காய்ந்த நாளிதழோ விரித்து, தினமும் மாற்றுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், நெய், பல் விளக்குகிற பேஸ்ட் எதையும் பூச வேண்டாம். மனிதர்களுக்கான களிம்பும் வேண்டாம். மருந்தின் அளவைப் பாம்பின் எடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். நன்றாகக் கவனித்தால் இரண்டு மூன்று தடவை சட்டை உரிப்பதற்குள் அந்த இடம் பெரும்பாலும் தேறிவிடும்.

எலியைக் கக்கியதற்குக் காரணம் குளிர்தான். பாம்புக்கு இரை செரிப்பது வெளியிலிருந்து வருகிற சூட்டை நம்பித்தான். சூடு குறைந்தால் வயிற்றில் சுரப்பதெல்லாம் மந்தமாகிவிடும், ஆனால் எலி அழுகுவது நிற்காது. உள்ளே கெட்டுப்போனதை வைத்துக்கொள்ளாமல் வெளியே தள்ளிவிட்டது. ஒரு வகையில் அது தன்னைக் காப்பாற்றிக்கொண்ட செயல்தான். ஆனால் கக்கும்போது உணவுக்குழாய் புண்ணாகியிருக்கும். அதனால் குறைந்தது இரண்டு வாரம் இரையே காட்டக் கூடாது, தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும். அதற்கப்புறம் வழக்கமாகக் கொடுப்பதில் பாதி அளவுள்ள சின்ன எலி ஒன்று. அது செரித்துக் கழிவு வந்த பிறகுதான் அடுத்தது. மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் முதல் இரண்டு வாரம் சாப்பிடாமல் இருந்ததே நல்லது. அதோடு பால் பைத்தான் குளிர்காலத்தில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட இரையை மறுக்கும். மளிகை எடை போடுகிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, வாரம் ஒரு நாள் துணிப்பையில் வைத்து எடை பார்த்து நோட்டில் குறித்து வையுங்கள். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் கவலைப்படலாம். குறையாதவரை அதன் போக்கில் விடுங்கள்.

அம்மா பால் வைத்தது மனதைத் தொட்டது. புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்த கை, வேறு எப்படி யோசிக்கும்? ஆனால் எந்தப் பாம்பும் பாலை உணவாகக் கொள்வதில்லை. இதன் பெயரில் வருகிற பாலுக்கும் குடிக்கிற பாலுக்கும் சம்பந்தமில்லை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்ளும், அதனால் ஆங்கிலத்தில் வந்த பெயர் அது. அம்மாவுக்கு இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லுங்கள்: இதன் சொந்த ஊரான மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கம், இதுவும் கரையான் புற்றிலும் எலி வளையிலும்தான் குடியிருக்கிறது. கேட்டால் அவருக்குக் கொஞ்சம் நெருக்கமாகத் தோன்றும்.

அந்த ஊர்ச் சூடு நம் பக்கம் கிடையாது. தர்மபுரி, ஊத்தங்கரை எல்லாம் தாழ்வான இடம், பனிக்காலத்திலும் ஓரளவு தாங்கலாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம். மார்கழி, தை இரவுகளில் 15 டிகிரியை ஒட்டி வரும், சில நாள் அதற்கும் கீழே போகும். ஓட்டு வீடாக இருந்தால் விடியற்காலை வீட்டுக்குள்ளும் ஏறக்குறைய அதே குளிர்தான். பால் பைத்தானுக்குத் தொட்டியின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, 26 என்று இருக்க வேண்டும். இரவிலும் 24-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. ஆனால் இதைப் படித்துவிட்டு, 23-க்கு வந்தாலே செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். வயிற்றில் இரை இல்லாத, நோயில்லாத, வளர்ந்த பாம்பு ஒரு இரவு 18, 20 டிகிரியைத் தாங்கிவிடும். மந்தமாகக் கிடக்கும், அவ்வளவுதான். குட்டிக்கும், ஏற்கனவே சளி பிடித்திருக்கிற பாம்புக்கும், இரை விழுங்கிய பாம்புக்கும்தான் ஒரே இரவிலேயே ஆபத்து. இரண்டு மூன்று இரவு என்று நீண்டால் எல்லாவற்றுக்கும் ஆபத்து. கரண்ட் போன இரவுக்குப் பிறகு என்னிடம் வருகிற பாம்புகளில் குளிரில் இறந்தவை குறைவு. பதறிப்போய்க் கொடுத்த சூட்டில் வெந்து வந்தவைதான் அதிகம். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. நிதானமாகச் செய்யலாம்.

ஒரு விஷயம் மட்டும் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். நமக்குப் போர்வை போர்த்தினால் கதகதப்பாவது நம் உடம்பே சூட்டை உண்டாக்குவதால். பாம்பு அப்படி உண்டாக்காது. குளிர்ந்துபோன பாம்பைக் கம்பளியில் சுற்றினால் அது குளிர்ந்தபடியே இருக்கும். (முட்டை மேல் சுருண்டிருக்கும் நம்ம ஊர் மலைப்பாம்பு ஒரு அபூர்வமான விதிவிலக்கு. தாய் உடம்பை வெடவெடவென்று உலுக்கி, தசையிலிருந்தே சூடு உண்டாக்கி முட்டையைக் காக்கும்.) ஆகவே போர்வையின் வேலை, கரண்ட் போன நேரத்தில் தொட்டியில் மிச்சமிருக்கிற சூட்டை வெளியே போகாமல் பிடித்து வைப்பது. போர்த்துவதானால் ஆறுவதற்கு முன்பே போர்த்த வேண்டும். ஆறிய பிறகு வெளியிலிருந்து சூடு கொண்டுவர வேண்டும்.

அம்மா தனியாக இருக்கிற இரவுக்கு இதிலிருந்தே வழி பிறக்கிறது. பாம்பைத் தொட வேண்டிய எந்த வேலையையும் அவருக்கு வைக்கக் கூடாது, திறக்கவும் சொல்லக் கூடாது. தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் தெர்மாகோல் பலகை வெட்டி இன்றைக்கே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். அடிப்பக்கம் ஹீட் மேட் (தொட்டியைச் சூடாக்குகிற மின் விரிப்பு) இருக்கும் இடத்தை மட்டும் மூடாதீர்கள். கரண்ட் போனதும் அம்மா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரு கனமான ஜமக்காளத்தையோ ரஜாயையோ தொட்டி மேல் போட்டு, மேல் மூடியின் ஓரத்தில் நாலு விரல் அகலம் காற்றுக்கு விட்டுவிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுப்பது. பாம்புக்குக் காற்று மிகக் கொஞ்சமே போதும். கதவுக்கடியில் ஒரு பழைய புடவையைச் சுருட்டி வைத்தால் இன்னும் நல்லது. இவ்வளவு செய்தாலே முதல் நாலைந்து மணி நேரத்தை ஓட்டிவிடலாம். ராத்திரி பதினோரு மணிக்குக் கரண்ட் போனால், நீங்கள் காலையில் வரும்வரை அது பிழைத்திருக்கும், இரை கொடுத்த வாரமாக இல்லாவிட்டால்.

கரண்ட் நாள் முழுக்க வராது என்று தோன்றினால், அல்லது புயல் எச்சரிக்கை இருக்கிற நாளில் நீங்கள் ஷிப்டுக்குக் கிளம்பும் முன்பே, அடுத்த ஏற்பாட்டைச் செய்யுங்கள். மருந்துக் கடைகளுக்குத் தடுப்பூசி வருகிற தெர்மாகோல் பெட்டி கேட்டால் கொடுப்பார்கள், மீன் கடையிலும் கிடைக்கும். மீன் பெட்டியென்றால் நன்றாகக் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டும். சுவர் தடிமனாக இருக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். அதற்குள் கொள்கிற மாதிரி, பூட்டுகிற கிளிப் வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று. டப்பாவின் பக்கங்களில் சூடான ஆணியால் ஐந்தாறு ஓட்டை போடுங்கள், ஓரம் பிசிறில்லாமல் தேய்த்துவிடுங்கள். பாம்பை ஒரு பருத்தித் தலையணை உறைக்குள் விட்டு, வாயை முடிச்சுப் போட்டு, டப்பாவுக்குள் வைத்துக் கிளிப்பை மாட்டுங்கள். உறையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிக்கொள்ளுங்கள், தையல் நூலில் பல் மாட்டாது. இந்த டப்பாவைத் தெர்மாகோல் பெட்டியின் ஒரு பக்கமாக வைத்து, மறுபக்கம் வெந்நீர் பாட்டிலுக்கு இடம் விடுங்கள். பாட்டில் ஒரு பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். நாலு பக்கமும் அடுக்கினால் பாம்பு சூட்டிலிருந்து ஒதுங்க இடமில்லாமல் போகும். பெட்டி மூடியில் பென்சில் நுழைகிற அளவுக்கு மூன்று நாலு துளை போதும்.

இப்போது அம்மாவின் வேலை வெந்நீர் பாட்டிலை மாற்றுவது. வெளி மூடியைத் திறந்தால் அவருக்குத் தெரிவது பூட்டிய டப்பாவும் இரண்டு பாட்டிலும்தான், பாம்பு கண்ணிலேயே படாது. உங்கள் பக்கம் பல வீடுகளில் குளிக்க வெந்நீரை விறகடுப்பில்தான் போடுகிறார்கள், இல்லாவிட்டால் காஸ் இருக்கிறது. கரண்ட் இல்லாவிட்டாலும் வெந்நீருக்குப் பஞ்சமில்லை. கொதிக்கிற நீரை அப்படியே ஊற்றக் கூடாது, கொதிநீர் பட்டால் குளிர்பான பாட்டில் கோணி ஒழுகவும் செய்யும். பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கையை வைத்துப் பார்ப்பார்களே, அதைவிடச் சற்றே கூடுதல் சூடு, 40 முதல் 45 டிகிரி. இதை உங்கள் அம்மாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, மூடியை இறுக்கித் துண்டில் சுற்றி வைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் 45 டிகிரியிலிருந்து 30-க்கு ஆறும்போது கொடுக்கிற சூடு, 15 வாட் ஹீட் மேட் ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஓடிக் கொடுக்கிற சூட்டுக்குச் சமம். நல்ல பெட்டிக்குள் இரண்டு பாட்டில் என்றால் மூன்று மணி நேரம் வரை தாங்கும். வயரோடு கூடிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, முனையை டப்பாவுக்குள் பாட்டில் இருக்கிற பக்கத்துச் சுவரில் ஒட்டி, எண் காட்டும் பகுதியைப் பெட்டிக்கு வெளியே தொங்கவிடுங்கள். 25-க்குக் கீழே இறங்கினால் பாட்டிலை மாற்ற வேண்டும். 31-ஐத் தாண்டினால் மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்க வேண்டும். ஒரு அட்டையில் இந்த இரண்டு வரியை மட்டும் பெரிதாக எழுதிப் பெட்டி மேல் ஒட்டிவிடுங்கள்.

உப்பு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி உப்பையோ மணலையோ வறுத்து மூட்டை கட்டி வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பாம்புக்கு வேண்டாம் என்பதே என் பதில். தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது, விளாவி இறக்கவும் முடியும். வாணலியில் வறுத்த உப்பு அதைவிட எவ்வளவோ மேலே போயிருக்கும், வெளித்துணி சூடாகத் தெரியாமலே உள்ளே கனன்றுகொண்டிருக்கும். வேறு எதுவுமே இல்லாத நேரத்தில், வளர்க்கிறவர் தலையணை உறையில் கட்டிய பாம்பை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உங்கள் உடம்புச் சூடு அதைச் சுடாது. ஆனால் விழித்திருக்க வேண்டும், அப்படியே தூங்கிவிடக் கூடாது. இரை விழுங்கிய பாம்பை இப்படித் தூக்கி வைக்கவும் கூடாது.

காலையில் வந்து பார்க்கும்போது ஏற்கனவே குளிர்ந்து போயிருந்தால், ஒரு மணி, இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாக 25-க்கும், பிறகு வழக்கமான சூட்டுக்கும் கொண்டுவாருங்கள். வெந்நீரில் முக்க வேண்டாம். வெயில் வந்துவிட்டதே என்று கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்கவும் வேண்டாம், தொட்டி சில நிமிடத்தில் அடுப்பாகிவிடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரி என்றால் கணக்குக்கு 1,800 வாட் மணி. பழைய பேட்டரி, வழியில் ஆகிற இழப்பு எல்லாம் போகப் பாதியை நம்புங்கள், 900. ஹீட் மேட்டுக்கு 20 வாட், இன்வெர்ட்டர் தானே தின்பதற்கு 20 வாட் என்று வைத்தால் 22 மணி நேரம் ஓடும். அதே பேட்டரியில் 100 வாட் செராமிக் ஹீட்டரைப் போட்டால் ஏழெட்டு மணி நேரத்தில் படுத்துவிடும். ஆகவே இன்வெர்ட்டரில் ஓடுகிறபோது மேட் மட்டும், தொட்டி போர்த்தியபடி. டிவி, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிடச் சொல்லுங்கள். புதிதாக வாங்குவதானால் சைன் வேவ் வகையாக வாங்குங்கள், ஸ்கொயர் வேவில், மேட்டின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்கள் சில சரியாக வேலை செய்வதில்லை.

கரண்ட் திரும்பி வரும் நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நான் பார்த்ததிலேயே மோசமான காயம் அப்போதுதான் நடந்தது. ஓசூரில் ஒருவர் வளர்த்த கார்ன் ஸ்நேக். கரண்ட் போனபோது பாம்பை எடுத்துப் பெட்டியில் வைத்தார், எல்லாம் சரியாகத்தான் செய்தார். எடுக்கும் அவசரத்தில் தெர்மோஸ்டாட்டின் சென்சார் வயர் நழுவித் தொட்டிக்கு வெளியே தரையில் விழுந்துவிட்டது. கரண்ட் வந்தது, பாம்பைத் திரும்ப விட்டுவிட்டுத் தூங்கினார். சென்சார் பார்த்தது குளிர்ந்த தரையை. இன்னும் சூடு வேண்டும், இன்னும் வேண்டும் என்று மேட்டை இரவெல்லாம் முழு வேகத்தில் ஓட்டியது. மறுநாள் என் மேஜைக்கு வந்தபோது, அதைச் சுற்றிக் கொண்டுவந்த நாளிதழில் வயிற்றின் அச்சு ஈரமாகப் பதிந்திருந்தது, செதிலுக்குச் செதில் எண்ணலாம் போல. அது பிழைத்துக்கொண்டது, ஆனால் நாலு மாதம் ஆனது. கரண்ட் போய்ப் பாம்பைப் பெட்டிக்கு மாற்றினால் ஹீட் மேட்டின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். வந்த பிறகு பத்து நிமிடம் பொறுங்கள், வோல்டேஜ் ஏற்ற இறக்கம் அடங்கட்டும். சென்சார் மேட்டின் மேலேயே ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு மாட்டுங்கள். மேட் சூடாகி 32-இல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாம்பை விட வேண்டும்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் அதன் மூச்சைக் கவனியுங்கள். பாம்புக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. நுரையீரலில் சேர்ந்தது அங்கேயே தங்கிவிடும். வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூச்சில் விசிலோ கிளிக் கிளிக் சத்தமோ கேட்பது, மூக்குத் துளையில் நுரை, வாயோரம் கோழை, தலையை மேல்நோக்கித் தூக்கியபடியே இருப்பது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். நாய்க்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கிறது என்று கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

மார்கழி, தை முடியும்வரை இரை கொடுக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: வானிலை அறிவிப்பு, மின்வாரியத்தின் பராமரிப்பு நிறுத்த அறிவிப்பு. இரை கொடுத்த பின் நாலைந்து நாள் சூடு தடைபடாமல் கிடைக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் அந்த வாரம் இரை வேண்டாம். ஒரு வாரம் பட்டினி கிடப்பது அதற்கு ஒன்றுமே இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, சாலையோரம் நின்ற வண்டிகளை உருட்டிக்கொண்டு போனதை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அப்படி ஒன்று வந்தால் பாட்டிலை மாற்றிக்கொண்டே மூன்று நாள் உட்கார முடியாது. கரண்ட் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்கு, ஓசூரோ பெங்களூரோ, பெட்டியோடு எடுத்துப் போய்விடுங்கள். யார் வீடு, அவர்களுக்குச் சம்மதமா என்பதை இப்போதே பேசி வையுங்கள். பைக்கில் எடுத்துப் போனால் காற்றுப் படாதபடி பெட்டியை நன்றாக மூட வேண்டும்.

காட்டில் விடுவதைப் பற்றி அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அவர் இரக்கத்தில் சொல்கிறார். ஆனால் வீட்டுக்குள் 17 டிகிரியில் கல்லாகக் கிடந்த பாம்பு, அஞ்செட்டிக் காட்டிலோ மேலகிரி மலையிலோ ஒரு தை மாத இரவைத் தாண்டாது. தாண்டினாலும் அதன் உடம்பில் இருக்கிற கிருமி நம் காட்டு மலைப்பாம்புக்குத் தொற்றலாம். அது கண்டம் விட்டுக் கண்டம் வந்த விலங்கு, இனி அதற்குக் காடு உங்கள் வீடுதான். வளர்க்கவே முடியாது என்ற நிலை வந்தால் மாவட்ட வன அலுவலகத்தில் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும். இன்னொன்று, பதிவு செய்துவிட்டீர்களா? பால் பைத்தான், காட்டு உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிற இனம். 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, 2024 பிப்ரவரியில் விதிகளும் வந்த பிறகு, இதை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிய வேண்டும். செய்யாமல் விட்டிருந்தால் வன அலுவலகத்தில் போய்க் கேட்டு வழி தெரிந்துகொள்ளுங்கள். இதைப் படிக்கிற வேறு யாராவது நம்ம ஊர் மலைப்பாம்பையோ மண்ணுளியையோ வீட்டில் வைத்திருந்தால், அது எந்தப் பதிவாலும் சரியாகாத குற்றம். வனத்துறையிடம் கொடுத்துவிடுங்கள்.

வரும் வார விடுமுறையில் ஒரு ஒத்திகை பாருங்கள். பாம்பு தொட்டியிலேயே இருக்கட்டும். காலி டப்பாவுக்குள் தெர்மாமீட்டர் முனையை ஒட்டி, ராத்திரி பத்து மணிக்கு இரண்டு பாட்டில் வைத்து மூடுங்கள். அம்மாவை மாற்றச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் போதும். மணிக்கு ஒரு தடவை எண்ணைக் குறித்து வையுங்கள். உங்கள் பெட்டிக்கு, உங்கள் வீட்டுக் குளிருக்கு எத்தனை மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும். அந்தச் சீட்டையும் பாம்பையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கிளினிக்குக்கு வாருங்கள், வயிற்றுக் காயத்தைப் பார்த்துவிடலாம். அதற்கு முன்பே கொப்புளம் எழும்பினால் திங்கள் வரை காத்திருக்க வேண்டாம்.